கிழிக்காத மூன்று பக்கங்கள்

அவருடைய உத்தியோகத்தின் பெயர் வளர்நிலை மதிப்பீட்டாளர். அந்தக் குடியிருப்பில் அதைத் திக்காமல் சொல்லக்கூடியவர் ஒருவரும் கிடையாது, அவர் உட்பட. வாயைத் திறந்தால் 'ஏன்?' என்று கேட்பதால் பெண்கள் அவரை 'ஏன் அக்கா' என்றார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

அதற்கு முன்னால் பதினேழு வருஷம் சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்த்தார். தைத்து முடித்த சட்டைகள் கடைசி மேசைக்கு வரும். கோணல் தையலைப் பிடித்து ஒதுக்க வேண்டும். ஒருநாள் நாற்பது சட்டைகளில் ஒரே மாதிரி காலர் கோணல். எழுந்துபோய் மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தார். தைப்பவளின் தலைக்கு மேலிருந்த குழல்விளக்கு செத்துக் கிடந்தது. அதை மாற்றச் சொன்னதற்கு, உன் மேசையில் உட்காருவதுதான் உன் வேலை என்று மேற்பார்வையாளர் எரிந்து விழுந்தார். எல்லாம் முடிந்த பிறகு குறை சொல்ல எதற்கு ஓர் ஆள் என்கிற எரிச்சல் அன்றைக்குப் பிடித்துக்கொண்டது, இன்றுவரை விடவில்லை.

தொழிற்சாலையை மூடினார்கள். குடியிருப்பில் முந்நூறு பெண்களுக்கு வேலை போனது. ஓர் அறக்கட்டளை வந்து, இவர்களை நிமிர்த்திக் காட்டுகிறோம் என்று திட்டம் போட்டது. தினமும் மாலை நான்கு மணிக்குக் கணினி வகுப்பு. ஒரு வருஷத்தில் நூற்றிருபது சான்றிதழ் என்பது இலக்கு. அங்கே யாரோ ஒரு புண்ணியவான், கடைசியில் வந்து மார்க் போடும் ஆள் வேண்டாம், முதல் நாளிலிருந்து திட்டத்தை நடத்தும் குழுவோடு உட்கார்ந்து எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும் உள்ளூர் ஆள் வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். ஆறு மாதப் பயிற்சி கொடுத்து ஏன் அக்காவை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். புண்ணியவான் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டு கணினிகள், வந்தது ஒன்பது பேர். நான்கு மணி சரிப்படாது, ஆறுக்கு மாற்றுங்கள் என்று யோசனை சொன்னது ஏன் அக்காதான். ஊரையெல்லாம் கேள்வி கேட்டுக் குடைகிறவர், இதைப் பற்றி மட்டும் ஒருத்தியையும் கேட்கவில்லை. ஒன்பது நான்காகக் குறைந்தது. அசடு வழிய வீடு வீடாக ஏறி இறங்கினார். தெருமுனைக் குழாய்க்கு எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சண்டைக்காரி என்று பெயர். அவள்தான் இவரை வாசலிலேயே நிறுத்தி விஷயத்தை உடைத்தாள்.

"குழாய்த் தண்ணி மூணு மணிக்கும் வரும், எட்டு மணிக்கும் வரும். கம்ப்யூட்டர் எங்கேயும் ஓடிப்போகாது அக்கா. தண்ணி போயிடும்."

அவ்வளவுதான். முந்நூறு பெண்களின் மாலைப்பொழுதைக் குழாய் தின்றுகொண்டிருந்தது; திட்டத்தில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை. குழு வகுப்பை இரண்டு மாதம் நிறுத்திவைத்தது. பெண்கள் ஏன் அக்காவோடு தண்ணீர் அலுவலகத்துக்கு ஆறு தடவை நடந்தார்கள். முதல் மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. ஆறாவது தடவை, காலை ஆறிலிருந்து ஏழு என்று நேரம் குறித்த தாளோடு திரும்பினார்கள். பிறகு வகுப்புக்கும் வந்தார்கள். ஆனால் அவர்கள் கேட்ட பாடம் வேறு. மனு அடிக்க வேண்டும், பள்ளிகளின் சீருடை டெண்டரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பதினொரு பேர் அதே அறையின் மறுபாதியில் தையல் மெஷின்களைப் போட்டுச் சொந்தமாகத் தைக்கத் தொடங்கினார்கள். புதன்கிழமைதோறும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் எது சொதப்பியது என்று பேசுவார்கள். அதை வைத்துத்தான் அடுத்த வாரம் ஓடும்.

வருஷம் முடிந்தபோது சான்றிதழ் வாங்கியவர்கள் பத்தொன்பது பேர்.

அறக்கட்டளையின் தலைமை அலுவலக அதிகாரி ஏன் அக்காவின் அறிக்கையோடு வந்தார். அதில் மூன்று பக்கங்களைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். ஆறு மணி யோசனை ஒரு பக்கம், வகுப்பை நிறுத்தியது ஒரு பக்கம், தண்ணீர் மனு ஒரு பக்கம். இந்த மூன்றையும் கிழித்துவிட வேண்டும், ஒரே ஒருநாள் எட்டிப்பார்த்தவர்களுக்கும் சான்றிதழ் கொடுத்துவிட வேண்டும். எல்லாம் திட்டப்படி நடந்தது என்று ஏன் அக்கா கையெழுத்துப் போட்டால் அவருக்கு அடுத்த வருஷமும் வேலை உண்டு என்றார். குழுவின் ஒருங்கிணைப்பாளர் நல்ல மனுஷர்தான், ஆனால் மேலிடம் என்றால் தொடை நடுங்கும். போட்டுவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

ஏன் அக்காவுக்குப் பயம் இல்லாமல் இல்லை. மகளின் படிப்பு பாதியில் நிற்கிறது. இந்த வயதில் இன்னொரு வேலை யார் தருவார்கள்? ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு படி மேலே நின்றது.

"உங்க யோசனை தப்புன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. படிக்கிறவங்க உங்களை என்ன நினைப்பாங்க?" என்றார் அதிகாரி.

"தப்பு பண்ணினா மறைக்கமாட்டாங்கன்னு நினைப்பாங்க சார். இந்தப் பக்கத்தைக் கிழிச்சா, அடுத்த ஊர்ல இதே தப்பை முதல்லேருந்து பண்ணுவீங்க. வகுப்பைத் திறந்து வெச்சுட்டு, பொம்பளைங்களுக்கு அக்கறை இல்லைன்னு எழுதுவீங்க. அதுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

ஏன் அக்கா முழு அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டு ஒருங்கிணைப்பாளர் பக்கம் தள்ளினார். அவர் கையைப் பிசைந்தார், வியர்த்தார், கடைசியில் அவரும் போட்டார். அந்தக் கையெழுத்து கோணலாகத்தான் இருந்தது, என்றாலும் இருந்தது.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. திட்டம் இன்னும் ஒரு வருஷம் தொடரும். மதிப்பீட்டாளர் பதவி மட்டும் கிடையாது. வருஷக் கடைசியில் வெளியாள் ஒருவர் வந்து பார்த்து மார்க் போடுவார்.

வகுப்பறைச் சாவியை ஒப்படைக்க ஏன் அக்கா அறைக்கு வந்தபோது மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கடிதத்தை வாசித்துக் காட்டினார். சண்டைக்காரி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"ஆறு தடவை எங்ககூட நடந்தது அவங்களா, நீங்களா? உங்களை வேணாம்னு சொல்றதா இருந்தா நாங்கதான் சொல்லணும். நாங்க இன்னும் சொல்லலையே."

ஏன் அக்கா காலையில் ஒரு துணிக்கடையில் சட்டை மடிக்கப் போவது, மதியத்துக்கு மேல் இங்கே வந்து உட்காருவது என்று அங்கேயே முடிவாயிற்று. சாவி ஏன் அக்காவிடமே இருக்கட்டும் என்றார்கள். வருஷக் கடைசியில் வரப்போகிற வெளியாளுக்கும் வட்டத்தில் ஒரு நாற்காலி போட்டுவைக்கச் சொன்னார் அவர். இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள், ஏன் இப்போது வந்தீர்கள் என்று முதலில் அவரைக் கேட்க வேண்டும்.