பி3 மேஜையும் மலை தெரிந்த ஜன்னலும்

அடி அண்ணாமலையிலிருந்து வந்திருந்த விவசாயி, கையிலிருந்த நோட்டீஸை என் மேஜைமேல் வைத்தார்.

"என் நெலத்துக்கும் இந்த கேஸுக்கும் இன்னாங்க சம்பந்தம்? ரெண்டு நாளா வீட்ல யாருக்கும் சோறு எறங்கல."

வாங்கிப் பார்த்தேன். புல எண் 138-க்குப் போக வேண்டிய நோட்டீஸ் 133-க்குப் போயிருந்தது. மன்னிப்புக் கேட்டு, தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தேன். அந்த மாதத்தில் அது மூன்றாவது தப்பு. மூன்றுமே பி3.

வேங்கிக்கால் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் அப்போது நான் கண்காணிப்பாளர். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். எங்களிடம் ஆளுக்குப் பெயர் கிடையாது, சீட்டுக்குத்தான் பெயர். ஏ1, பி2, பி3 என்று மேஜைக்கு மேஜை எழுத்தும் எண்ணும் உண்டு. ஆள் மாறுவார், மேஜை அசையாது. அப்போது பி3 ஷமீம். ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற குடும்பம். இதற்கு முன் இருந்த சீட்டில் அவள் வேலையில் ஒரு புள்ளியைக்கூடக் குறை சொல்ல முடியாது. அந்த நம்பிக்கையில்தான் அவள் எழுதிவரும் எண்களை நான் சரிபார்க்காமல் விட்டேன்.

ஆபீசர் கூப்பிட்டார்.

"மேடம், இதுக்கு மேல பொறுக்க முடியாது. 17-பி சார்ஜ் மெமோ போட்டு வைங்க. திங்கட்கிழமை கையெழுத்து போடறேன்."

17-பி என்றால் பெரிய தண்டனை வரைக்கும் போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கை. அந்த வருஷப் பதவி உயர்வுப் பட்டியலில் ஷமீம் பெயர் இருந்தது. மெமோ போனால் பெயர் போகும். அப்புறம் எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டுமோ, யாருக்குத் தெரியும். கோபத்தோடு அவளிடம் போய், "ஏம்மா, எங்க வெச்சிருக்க புத்திய?" என்று கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியலைங்க மேடம். கண்ணும் செக் பண்ணிட்டேன், நல்லாத்தான் இருக்குதாம்" என்றாள்.

அலுவலக உதவியாளர் முனுசாமி எனக்கு டீ வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அந்தப் பொண்ண இன்னாத்துக்கும்மா திட்றீங்க? அந்த சீட்டே ராசியில்லாதது. முன்னாடி இருந்த ரெண்டு பேரும் மெமோ வாங்கிட்டுத்தானே போனாங்க? நான்கூட டிராயர்ல எலுமிச்சம்பழம் வெச்சிருக்கேன்."

எனக்கு ராசியில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரே மேஜையில் மூன்று பேர் தப்பு செய்தால் அது என்ன கணக்கு? மெமோவை டைப் செய்ய உட்கார்ந்தவள், அதை அப்படியே விட்டுவிட்டு பழைய கோப்புகளைத் திறந்தேன். இப்போதெல்லாம் கோப்பு கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது, யார் எத்தனை மணிக்கு எழுதினார்கள் என்பதும் அதில் இருக்கும். மூன்று பேர் தப்புகளையும் ஒரு காகிதத்தில் எழுதினேன். 8 இருக்கும் இடத்தில் 3. 7 இருக்கும் இடத்தில் 1. அவ்வளவு தப்பும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல். அட, இதென்ன கூத்து! சாப்பிட்ட மயக்கம் என்றால் மற்ற சீட்டுகளுக்கும் வர வேண்டுமே?

மறுநாள் காலை ஷமீமை என் நாற்காலிக்கு அனுப்பிவிட்டு நான் பி3-இல் உட்கார்ந்தேன். மத்தியானம் வரை ஒன்றுமில்லை. முனுசாமியைப் பார்த்து நக்கலாகச் சிரிக்கக்கூடச் செய்தேன். மூன்று மணி தாண்டியதும், முதுகுப் பக்கமிருந்த ஜன்னல் வழியாக வெயில் இறங்கி நேராகக் கம்ப்யூட்டர் திரையில் விழுந்தது. ஸ்கேன் செய்த மனு வெளுத்துப் போனது. தலையைச் சாய்த்தேன், கையால் மறைத்தேன், நாற்காலியைத் தள்ளினேன். கண்ணில் நீர் வந்தது. யார் கேள்வி கேட்டாலும் எரிந்து விழுந்தேன். எப்படியோ ஒரு நோட்டீஸை முடித்து ஷமீமுக்கு அனுப்பினேன்.

அவள் எழுந்து வந்து, மெல்லிய குரலில், "மேடம், கோச்சுக்காதீங்க. இது 171 இல்ல, 177" என்றாள்.

முப்பது வருஷ சர்வீஸ். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஏம்மா, வெயில் அடிக்குது, ஜன்னல் திரையப் போடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மலை முழுசாகத் தெரிந்தது. "நீங்க காலைல வந்ததும் அந்த ஜன்னலப் பாத்து கும்பிட்டுட்டுத்தான் உக்கார்றீங்க. மத்தவங்களும் அப்படித்தான். மலைய மறைங்கன்னு நான் எப்படிங்க சொல்றது? அதுவும் நான் சொன்னா வேற மாதிரி ஆயிடும் மேடம்."

இந்தக் கட்டடத்துக்கு வந்தபோது மேஜைகளை எங்கெங்கே போடுவது என்று வரைந்து கொடுத்தவள் நான். நிழலான கிழக்குச் சுவர் ஓரம் எனக்கு, அங்கிருந்து பார்த்தால் நேரே மலை. பி3-ஐ ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டதும் நான்தான். ஜன்னல் திரையை யாரும் இழுக்கக் கூடாது என்று முதல் நாளே உத்தரவு போட்டதும் நானே. முன்னே இருந்த இரண்டு பேரும் மலையையே சாமியாகக் கும்பிடுகிற இந்த ஊர்க்காரர்கள். அவர்கள் வாயைத் திறப்பார்களா?

திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு மெமோவைக் கேட்டு ஆபீசர் வந்தார்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம் இங்க உக்காந்து, இந்த மனுவுல இருக்கற புல எண்ணப் படிங்க."

பி3-இல் உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கினார். கையால் மறைத்துப் பார்த்தார். "இன்னா மேடம் இது, ஒண்ணுமே தெரியல?"

"இந்த இடத்துல மேஜையப் போட்டது நான் சார். மெமோ குடுக்கறதா இருந்தா எனக்குக் குடுங்க."

எனக்கு ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. பயமில்லாமல் இல்லை. அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "மொதல்ல மேஜையத் திருப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மெமோவை அப்புறம் அவர் கேட்கவே இல்லை.

முனுசாமியும் நானும் பி3-ஐப் பக்கவாட்டில் திருப்பினோம். பத்து நிமிஷ வேலை. மலையை மறைக்கவும் வேண்டியிருக்கவில்லை. தப்புகள் நின்றன. முனுசாமி இன்றுவரை எலுமிச்சம்பழம்தான் காரணம் என்கிறார், சொல்லிக்கொள்ளட்டும். முன்னே இருந்த இருவருக்கும் நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் வாங்கிய மெமோவைத் திருப்பி எடுக்க என்னால் முடியவில்லை. அந்த உறுத்தல் இன்னும் இருக்கிறது.

போன மாதம் ஷமீம் போன் செய்தாள். வேறோர் ஊரில் கண்காணிப்பாளராகச் சேர்ந்திருக்கிறாள்.

"சீட்ல உக்காந்தாச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல மேடம். மத்தவங்க சீட்ல ஒவ்வொண்ணா உக்காந்து பாத்துட்டு இருக்கேன். இன்னும் ரெண்டு பாக்கி."