சீர்த்தட்டில் ஒரு கிரிக்கெட் கார்டு

அத்தானிடமிருந்து போன் வந்தால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று வருடங்களாக இதே கதைதான். ஆபீஸில் மேனேஜர் கத்தினால் திருப்பிக் கத்தியவன் நான். ரயிலில் எவனாவது முழங்கையால் இடித்தால் ஹிந்தியில் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன். அப்படிப்பட்டவன், போனில் அக்கா வீட்டுக்காரர் பெயரைப் பார்த்ததும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். அவர் என்னை இன்றுவரை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. நான் சொன்ன பொய்யை நம்பிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

பொய்க்கு முன்னால் கார்டைச் சொல்ல வேண்டும். ஊரடங்கு நேரத்தில் சான்பாடாவில் ஒற்றை அறைக்குள் அடைந்து கிடந்தேன். எந்நேரமும் போன்தான். வெளிநாட்டில் யாரோ சிலர் பாக்கெட்டைப் பிரித்து உள்ளேயிருந்து விளையாட்டு வீரர்களின் கார்டுகளை ஒவ்வொன்றாக எடுப்பார்கள், அதை லட்சம் பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஆசை வந்தது. பைக் வாங்கச் சேர்த்து வைத்திருந்ததைப் போட்டு ஒரு கிரிக்கெட் கார்டு வாங்கினேன். பெரிய பேட்ஸ்மேன் ஒருவர் விளையாட வந்த முதல் வருடத்துக் கார்டு. அவர் கையெழுத்துப் போட்டது. கார்டு கசங்காமல் இருப்பதற்குப் பத்துக்கு ஒன்பது மார்க் கொடுத்து, கெட்டியான கண்ணாடி பிளாஸ்டிக்கில் வைத்து மூடி அனுப்பியிருந்தார்கள். ஆறே மாதத்தில் அதன் விலை இரண்டு மடங்கானது. என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. பாங்கில் பணம் போடுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பாவமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் மூத்த மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் சீரில் மற்றது கூடலாம் குறையலாம், தங்கச் செயின் இல்லாமல் இருக்க முடியாது. செயின் வாங்க என்னிடம் வழி இல்லாமல் இல்லை. திமிர்தான். தங்கம் பீரோவுக்குள் தூங்கும், இது வளரும், பிள்ளை பெரியவளாகும்போது இதை விற்றே படிக்க வைக்கலாம் என்று நானே முடிவு செய்தேன். பட்டுப்பாவாடை, தேங்காய், வெற்றிலை, வாழைப்பழச் சீப்பு, நடுவில் அந்தக் கார்டு. இப்படி ஒரு சீர்த்தட்டை எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள்.

அத்தானின் அண்ணன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செயின் எங்கே என்று கேட்டார். இதுதான் செயினுக்குப் பதில் என்றேன். தாய்மாமன் மருமகளோடு விளையாட வந்திருக்கிறார் போல என்று அவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவின் முகம் செத்துப்போனது. அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. தாராவியில் ஒரு தோல் பை பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறவர். கிரிக்கெட்டில் எத்தனை பந்துக்கு ஒரு ஓவர் என்றுகூட அவருக்குத் தெரியாது. எழுந்து வந்து கார்டை அண்ணன் கையிலிருந்து வாங்கினார்.

"மாப்ளே யோசிக்காம எதுவும் செய்ய மாட்டான். நாளைக்கு நீங்களே சொல்லுவிய," என்றார்.

அக்காவின் நகைகள் இருக்கும் ஸ்டீல் பீரோவில், அதே டப்பாவுக்குள், அந்தக் கார்டையும் வைத்துப் பூட்டினார். நான் கோழிக் குழம்பை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ராஜா மாதிரி ரயில் ஏறினேன்.

ஒரு வருடம் தாங்கவில்லை. ஊரடங்கு முடிந்து ஜனங்கள் வேலைக்குப் போனார்கள், பாக்கெட் பிரிப்பதைப் பார்க்க ஆள் குறைந்தது. கம்பெனிக்காரர்களோ கார்டை அச்சடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். என்னைப் போலக் கார்டு வாங்கியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் கேலி பேசினார்கள், பிறகு சண்டை போட்டார்கள், அப்புறம் ஒருவருமே பேசவில்லை. ஒரு நாள் காலை ஆபீஸ் போகிற ரயிலில் விலையைப் பார்த்தேன். அதே பேட்ஸ்மேன், அதே கையெழுத்து, அதே ஒன்பது மார்க். ஒரு ஜோடி நல்ல ஷூ வாங்குகிற விலைக்குப் போயிருந்தது. ஒரு பூஜ்யம் விட்டுப்போய்விட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி பார்த்தேன். பூஜ்யம் வரவில்லை. செம்பூரில் ஏறிய கூட்டம் என்னை நெருக்கிப் பிடித்திருந்ததால் விழாமல் நின்றேன். அதற்கப்புறம் புத்தி கெட்டுப்போய்த் தங்கத்தின் விலையையும் பார்த்துத் தொலைத்தேன்.

அந்தப் பொங்கலுக்கு மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் அக்கா வீட்டுக்குப் போனேன். கையில் கரும்பைக் கொடுத்துவிட்டு அத்தான் சாதாரணமாகத்தான் கேட்டார், நம்ம கார்டு வெல இப்ப என்ன மாப்ளே என்று. இறங்கிவிட்டது அத்தான் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அவர் அண்ணன் எதிரில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தார். ஏறியிருக்கு, ஒன்றரை மடங்கு என்றேன். அத்தான் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதே கேள்வி. நானும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஒரேயடியாக ஏற்றினால் சந்தேகம் வரும் பாருங்கள், அந்த அளவுக்கு ஜாக்கிரதையான பொய்யன். அவர் அதை விற்கப் போய்விடுவாரோ என்பதுதான் என்னுடைய பெரிய நடுக்கம். இப்ப விக்காதீங்க, இன்னும் ஏறும் என்று கெஞ்சுவேன். அவர் அதையும் என் அக்கறை என்று எடுத்துக்கொள்வார். கடைக்காரன் யாரிடமாவது காட்டிவிட்டால்? பிள்ளை தெருவில் யாரிடமாவது சொல்லி, அவன் போனில் பார்த்துச் சொல்லிவிட்டால்? பள்ளிக்கூட ஃபீஸ் கட்டும் மாதம் வந்தாலே எனக்குச் சோறு இறங்காது. ஒரு செயினை வாங்கிக் கொடுத்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நினைக்கிற வேகத்தில் தங்கம் இன்னும் மேலே போயிருக்கும்.

அக்கா மட்டும் ஒரு தடவை கேட்டாள். சந்து முனை வரை வழியனுப்ப வந்தவள் என் பையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏல, அந்தக் கார்டு விஷயம் நெசந்தானா? எனக்கு என்னமோ திக்கு திக்குன்னு இருக்கு."

உனக்கு இதெல்லாம் புரியாதுக்கா, சும்மா இரு என்று நடுத்தெருவில் கத்தினேன். பயந்தவன் கத்தத்தானே செய்வான். அவள் பையை விட்டுவிட்டாள், அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

ஆறு மாதத்துக்கு முன் எனக்கு வேலை போனது. கஸ்டம்ஸ் கிளியரிங் செய்யும் சின்ன ஆபீஸ், பெரிய பார்ட்டி ஒன்று கையை விட்டுப் போனதும் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். அக்கா வீட்டில் நான் மூச்சுவிடவில்லை. போன மாதம் அவள் இரண்டாவது மகளுக்கு, பதினோரு மாதக் குழந்தைக்கு, மொட்டையும் காதுகுத்தும் வைத்தார்கள். செயினுக்கு எங்கே போவது? கடுகளவு கம்மல் ஒரு ஜோடிதான் வாங்க முடிந்தது. இந்தத் தடவை அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். சான்பாடாவிலிருந்து குர்லா வரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். வண்டி மாறி சயானில் இறங்கி நடக்கும்போது உதடு அசைத்தே சொல்லிப் பார்த்தேன். எதிரே வந்த அம்மா ஒருத்தி ஒதுங்கிப் போனாள்.

அத்தான் அம்மன் கோவில் வாசலிலேயே காத்திருந்தார். என் கையைப் பிடித்துச் செருப்பு விடும் இடத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். விஷயம் தெரிந்துவிட்டது, போச்சு என்று நினைத்தேன். அவர் மஞ்சள் துணிப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே கெட்டியான கண்ணாடி பிளாஸ்டிக். அதற்குள் ஒரு கிரிக்கெட் கார்டு. எங்களுடையது இல்லை, இன்னொன்று.

"ஒனக்கு வேலை போன விஷயம் எனக்குத் தெரியும் மாப்ளே," என்றார். "சீருக்கு நீ அலைய வேண்டாம்னு நானே வாங்கிட்டேன். ஒன் கையால தட்டுல வச்சிரு. நம்ம மூணு பேர தவிர யாருக்கும் தெரிய வேண்டாம்."

இரண்டு மாதத்துக்கு முன்பே மாஹிமில் ஒரு ஆளைப் பிடித்தாராம். நான் சொல்லி வந்த விலையில் பாதிக்கே பேசி முடித்துவிட்டாராம். பாவம், விற்கிறவனுக்கு விவரம் பத்தவில்லை என்று எனக்கே ரகசியம் சொல்வது போலச் சொன்னார். அக்காவின் இரண்டு வளையலைக் கொடுத்துத்தான் வாங்கினாராம். அவள் முதலில் மாட்டவே மாட்டேன் என்றிருக்கிறாள். உன் தம்பி சொன்ன கணக்குதானே என்று இவர் சொன்னதும் கழற்றிக் கொடுத்துவிட்டாளாம்.

நான் வாயைத் திறந்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. நான் நெகிழ்ந்துபோய் நிற்கிறேன் என்று நினைத்து அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். பூசாரி நேரமாகிறது என்று கூப்பிட்டார். பையை என் கையில் வைத்துவிட்டு அவர் உள்ளே போனார்.

தட்டில் அந்தக் கார்டை நான்தான் வைத்தேன், என் கையாலேயே. மணையில் உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையை அக்கா என் மடியில் உட்கார வைத்தாள். அவள் கையில் கண்ணாடி வளையல்கள் மட்டும் இருந்தன. குழந்தை என் சுண்டுவிரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. ஆசாரி எதிரில் உட்கார்ந்து கம்மலை வாங்கி விபூதித் தட்டில் வைத்தார். என் நெஞ்சு அடித்துக்கொண்டதில் குழந்தையே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது. இன்னும் பத்து நிமிடம், காது குத்தி முடிந்துவிடும், சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

அத்தானின் அண்ணன் குனிந்து தட்டிலிருந்து கார்டை எடுத்தார். இந்தத் தடவை இரண்டு கையாலும் எடுத்தார். அடுத்த மாதம் ரிட்டையர் ஆகிறாராம், பிஎஃப் பணம் மொத்தமாக வருகிறதாம், மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருப்பதாம். நாலு வருடத்தில் மூன்று மடங்கு என்றால் பாங்கில் போட்டு என்ன பிரயோசனம், எனக்கும் ரெண்டு மூணு பார்த்துக் கொடுங்க தம்பி என்றார். அன்னைக்கே சொன்னேனா இல்லையா என்று அத்தான் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

வேண்டாம் என்றேன். எனக்கே கேட்காத குரலில் வந்தது.

அத்தான் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அண்ணனுக்கு வழி சொல்ல மனமில்லாமல் நான் மழுப்புகிறேன் என்று நினைத்துவிட்டார். "அண்ணன் நம்ம ஆளுதான் மாப்ளே, மறைக்காத," என்றார்.

"மறைக்கல அத்தான். அதுக்கு வெலையே இல்ல. இதுக்கும் இல்ல, பீரோவுல இருக்குறதுக்கும் இல்ல."

அண்ணன் கார்டைத் தட்டில் திருப்பி வைத்தார். அக்கா ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். யாரும் என்னைத் திட்டவில்லை. நான் அத்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது, பிறகு அவர் வேறெதையோ யோசித்துப் பார்ப்பது தெரிந்தது.

"எப்பருந்து?" என்று கேட்டார்.

போன மாதத்திலிருந்து என்று சொல்லியிருக்கலாம். சொல்லச் சொல்லித்தான் என் பயம் பிடித்துத் தள்ளியது. அவர் வளையலைக் கொடுத்த பிறகு விழுந்தது என்றால் அது என் தப்பில்லை, விதி. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. குழந்தை என் விரலை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக் கையை நீட்டியது.

"மூணு வருஷமா," என்றேன்.

அத்தான் தலையை ஆட்டினார். சீர்த்தட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, குனிந்து, என் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டார். பக்கத்தில் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

தாய்மாமன் மடியிலதானே குத்தணும் என்று ஆசாரி இழுத்தார்.

"என் மடியிலேயே குத்துங்க," என்றார் அத்தான்.

ஆசாரி என்னைப் பார்க்காமல் ஊசியை எடுத்தார்.