ஒன்பதாம் எண்ணுக்கு ராணியக்கா எழுதிய குறிப்பு

சகாயராணி முதலில் சத்தத்தை அணைத்துவிடுவாள். வீடியோவைக் கடைசிவரை ஊமையாகவே ஓடவிட்டுப் பார்ப்பாள். அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு பாட்டை மட்டும் கேட்பாள். மூன்றாவது முறைதான் இரண்டையும் சேர்ப்பாள். அப்போது அவளுடைய வலது கட்டைவிரல் மேசைக் கண்ணாடியில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஆதார் நகல் எடுக்க வந்தவர் அமைச்சராகவே இருந்தாலும் நிற்க வேண்டியதுதான்.

மூலக்குளத்தில், வில்லியனூர் சாலையைப் பார்த்தபடி இருக்கிறது அவளுடைய ஜெராக்ஸ் கடை. வயது முப்பத்து மூன்று. அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் படங்கள் என்றால் உயிர். அந்தப் படங்களிலிருந்து காட்சிகளை வெட்டி, பிடித்த பாட்டின் தாளத்துக்கு ஒட்டி, ரசிகர்கள் தங்கள் ஆசைக்கு வீடியோ செய்கிறார்கள். அப்படிச் செய்கிறவர்களுக்குத் தமிழில் ஒரு ஆன்லைன் குழு உண்டு. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். நடத்துகிறவன் திருவாண்டார்கோயில் பாக்யராஜ். வருஷம் ஒரு போட்டி வைப்பான். நடுவர் எப்போதும் ராணியக்காதான்.

‘சூப்பர்’ என்ற சொல்லை அவள் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. “சூப்பர்னு சொல்றதுக்கு நான் இன்னாத்துக்கு? அதுக்குத்தான் அவங்க அத்த பசங்க கீறாங்களே” என்பாள். வீணாய்ப் போன ஜெராக்ஸ் தாளைத் திருப்பி நிமிஷம், விநாடி, குறை என்று மூன்று கட்டம் போட்டு எழுதுவாள். “கொற சொன்னா எடம் சொல்லணும்பா. எடம் சொல்லாத கொற வெறும் வயித்தெரிச்சல்.” அந்தத் தாளைப் படம் பிடித்துக் குழுவில் போடுவாள். திட்டு வாங்கியவர்கள்கூட அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டிக்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். முதலில் குறிப்பு, திருத்திக்கொள்ள மூன்று நாள், பிறகுதான் மதிப்பெண். ஒன்பதாம் எண் வீடியோவுக்கு மட்டும் இந்த வருஷம் அவள் கட்டம் போடவில்லை. “எல்லா வெட்டும் தாளத்துக்கு முன்னாடியே விழுகிறது. ஒரு இடம் அல்ல, படம் முழுக்க. காது சரியில்லாதவர்கள் எடிட்டிங்குக்கு வரக்கூடாது” என்று எழுதிப் போட்டுவிட்டாள். நடுவருக்குப் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். ஆனால் குழுவில் பாதிப் பேருக்கு அது யாருடையது என்று தெரியும். சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு முடிவு. நாலரைக்கு அவள் திருத்தி வந்த ஒன்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஹெட்செட்டில் சார்ஜ் தீர்ந்துபோனது. லாரிச் சத்தம் தாங்காமல் போட்டி தொடங்கிய வாரம்தான் அந்தக் கம்பியில்லாத ஹெட்செட்டை வாங்கியிருந்தாள். சரி, ஸ்பீக்கரிலேயே கேட்போம் என்று திருப்பி ஓட்டினாள். கட்டைவிரல் மேசையில் விழுந்த பிறகுதான் திரையில் காட்சி மாறியது. ஹெட்செட்டில் சரியாக விழுந்த ஒவ்வொரு வெட்டும் இப்போது பிந்தியது.

ஒன்பதின் பழைய வீடியோவைத் திறந்தாள். மழையில் ரயில் கிளம்புகிறது, ஏறாமல் நிற்கிற பெண்ணின் முகம், மூடுகிற கதவு. தாளத்தின் அடி விழுகிற இடத்தில் வெட்டு, இம்மி பிசகவில்லை. அவள் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போட்டிருந்த நாலாம் எண்ணை ஓட்டினாள். அது சோம்பலாகப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது.

செல்போனை நிறுத்திவைத்துத் தன் கைகளைத் தானே தட்டிப் படம் பிடித்தாள். ஸ்பீக்கரில் கையும் ஓசையும் ஒன்றாக வந்தன. ஹெட்செட்டைச் சார்ஜில் சொருகிக் காதில் வைத்தாள். கை சேர்ந்தது. பிறகு ஓசை வந்தது.

“யக்கா, ரேஷன் கார்டு ஒரு காப்பி” என்றார் வெளியே ஒருவர். “கடை இல்லண்ணா” என்றாள், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

பாக்யராஜுக்குப் போன் போட்டாள். அவன் பதறவில்லை. “மார்க்க மட்டும் மாத்திடுக்கா. ஹெட்செட்டு கதையெல்லாம் வெளிய சொன்னா அப்புறம் உன்ன எவன் நம்புவான்? எனக்கும் போட்டி நாறிடும்.”

“ஒம்போது யாருபா?”

“கரையாம்புத்தூர் பொண்ணு. வெண்ணிலா. கரும்பு வெச்சிகீறாங்க. போன்லயே எடிட் பண்ணும்.”

“நம்பர் குடு. முடிவ நிறுத்து. எல்லாத்தையும் மறுபடி பாக்கணும்.”

வெண்ணிலா எடுத்ததும் நன்றிதான் சொன்னாள். அதுதான் ராணியைக் குத்தியது. “நீங்க சொன்னாப்ல நூத்தி முப்பது வெட்டையும் தள்ளிட்டேன்கா. எனக்கு மொதல்ல இருந்ததுதான் சரின்னு பட்டுச்சு. நீங்களே சொல்லிட்டப்புறம் என் காத நான் எப்டி நம்பறது? இதான்கா கடைசி. எடிட்டிங் ஆப்ப அழிச்சிட்டேன்.”

“ஒங்காது சரியாதான் இருந்துச்சிம்மா. தப்பு எம்மேல. என் ஹெட்செட்டு லேட்டு.”

“பரவால்லக்கா. ஆறுதலுக்குச் சொல்லாதீங்க” என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

ஒரு வார்த்தை ஆறுதல் பேசி அறியாதவளுக்கு இந்தப் பெயர். ராணிக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும். இந்தப் பெண் இனி எந்தப் பாட்டைக் கேட்டாலும் தன் காதைச் சந்தேகப்படுவாள். மதிப்பெண்ணைப் பத்தாக்கினாலும் அது போகாது.

மணி ஐந்து நாற்பது. ஹெட்செட்டின் ஒரு பக்கத்தைச் செல்போன் மைக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தான் கைதட்டும் வீடியோவைக் கம்ப்யூட்டர் திரையில் ஓட்டி அதை அப்படியே பதிவுசெய்தாள். மூன்று தட்டு. மூன்று முறையும் கை முந்தியது, ஓசை பிந்தியது. கலைந்த தலையும் வியர்த்த முகமுமாக அவளே அதில் இருந்தாள். குழுவில் போட்டாள். கீழே எழுதினாள்: “என் ஹெட்செட்டில் ஓசை ஆறு ஃபிரேம் தாமதம். அதைச் சோதித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னேன். ஒன்பதாம் எண்ணின் முதல் வீடியோவில் ஒரு பிழையும் இல்லை. காது சரியில்லாதது எனக்கு.”

செல்போன் துள்ளத் தொடங்கியது. சிரிப்பு, கேள்வி, “அப்போ போன வருஷம்?” என்று ஒருவன். பாக்யராஜ் இரண்டு முறை கூப்பிட்டான். அவள் எதையும் தொடவில்லை. ஒரு பெயர் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மணி தாண்டியது. ஆறு பத்து.

வந்தது. வெண்ணிலாவிடமிருந்து ஒரே வரி.

“ஆறு இல்லக்கா, ஏழு. ரெண்டாவது தட்டுல பாருங்க.”

சகாயராணி வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக, ஒவ்வொரு படமாக நிறுத்தி நகர்த்தி, உதட்டை அசைத்து எண்ணினாள். இன்னொரு தரம் எண்ணினாள். பிறகு தன் பதிவைத் திறந்து, ஆறை எடுத்துவிட்டு ஏழு என்று எழுதினாள்.