கோட்டுக்கு வெளியே நான்கு விரல்

என் அம்மா வெர்டெல் கேஸ்கின்ஸின் வலது கையில், கட்டை விரல் நீங்கலாக, நான்கு விரல்களின் அகலம் இரண்டே முக்கால் அங்குலம். செவ்வாய்க்கிழமை அவள் இறந்து அரை மணி நேரம் கழித்து அளந்தேன். நில அளவை என் தொழில். சட்டைப் பையில் டேப் இருந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அம்மா வட கரோலைனாவில் ஒரு சலவைக் கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் இஸ்திரி போட்டாள். இடையில் நான்கு முறை கறுப்பினத்தவர் சங்கத்தின் மாநில டென்னிஸ் பட்டத்தை வென்றாள். சலவைக் கூடத்தில் இது யாருக்கும் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

எங்கள் பகுதியில் டென்னிஸ் களம் ஒன்றுதான். சவ அடக்கத் தொழில் செய்த தாடியஸ் கேய்த்தர் தன் கட்டடத்தின் பின்னால் களிமண்ணில் போட்டது. உள்ளே சடங்கு நடந்தால் ஆட்டம் நிற்கும். பாட்டு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். வெளியூர்ப் போட்டிகளுக்கு அவருடைய சவ வண்டியில் போனார்கள். அந்த வண்டியைப் போலீஸ் நிறுத்தியதில்லை. பின்னால் படுத்து வருபவர் தும்மக் கூடாது, அவ்வளவுதான்.

களிமண்ணில் பந்து விழுந்தால் தடம் இருக்கும். நடந்து போய்த் தடத்தைச் சுற்றி மட்டை நுனியால் வட்டம் போட்டால் வாக்குவாதம் முடிந்தது. வெள்ளையர் கிளப்பில் புல்தரை. அங்கே தடம் கிடையாது. முதல் சுற்றுகளில் நடுவரும் கிடையாது. தன் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்பதை அவரவரே சொல்ல வேண்டும். என்றாவது ஒருநாள் நம் ஆட்கள் அங்கே ஆடுவார்கள் என்று கேய்த்தர் நம்பினார். அந்த நாளுக்காக ஒரு விதி வைத்திருந்தார்: வெள்ளைக்காரர் அடித்த பந்து இரண்டு விரல் அகலம் வரை வெளியே விழுந்தாலும் உள்ளே என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் களத்தில் ஆடியவர்கள் சர்வீஸ் போடக் கற்பதற்கு முன் இதைக் கற்றார்கள்.

அந்த நாள் 1953 ஜூனில் வந்தது. நகரக் கிளப் தன் போட்டியில் எங்களில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தது. இந்த ஆண்டு ஒருவர். தகராறு இல்லாமல் முடிந்தால் அடுத்த ஆண்டு இருவர். முதல் ஆள் அம்மா. அடுத்த ஆண்டு அவளுடன் போக வேண்டியவர் ஒசெல்லா டில்லர்ட், வயது பதினேழு. ஒசெல்லா தன்னைவிட நன்றாக ஆடுவாள் என்று அம்மாவே சொல்வாள்.

காலையில் சவ வண்டியில் ஒசெல்லா சொன்னாராம்: "அக்கா, தோத்தாலும் பரவால்ல. சிரிச்சுக்கிட்டே தோத்துட்டு வா. அடுத்த வருஷம் நான் பாத்துக்கறேன்."

"ஜெயிச்சுட்டா?"

"அப்பவும் சிரி. ஆனா பல்லு தெரியாம சிரி."

அம்மா கிளப்பின் சமையலறை வாசல் வழியாக உள்ளே போனாள். உடை மாற்ற இடம் தரவில்லை. ஆடும் உடையிலேயே போயிருந்தாள். பாவாடையின் இஸ்திரி மடிப்பு மூன்றாவது செட் வரை கலையவில்லை. எங்கள் ஆட்கள் ஐந்து பேர் கம்பி வேலிக்கு வெளியே நின்றார்கள். எதிராளி ஒரு வழக்கறிஞரின் மகள், மிஸ் ஹால்ஸ்டெட். கேய்த்தரின் விதிப்படி அம்மா அவளுக்கு ஆறு பந்துகளை விட்டுக்கொடுத்தாள்.

மூன்றாவது செட்டில் அம்மா வெற்றிக்கு ஒரு புள்ளி தூரத்தில் இருந்தாள். ஹால்ஸ்டெட் ஓங்கி அடித்த பந்து பின்கோட்டைத் தாண்டி விழுந்தது. அம்மா மட்டையைத் தூக்கவில்லை.

"அவுட்," என்றாள்.

ஆட்டம் முடிந்தது. அம்மா ஜெயித்தாள். யாரும் கை தட்டவில்லை. வேலிக்கு வெளியேயும் தட்டவில்லை.

திரும்பும் வழியில் கேய்த்தர்தான் வண்டியை ஓட்டினார்.

"எவ்வளவு?" என்றார் ஏழாவது மைலில்.

"நாலு விரல்."

"யாரு விரலு?"

"என்னோடது, ஐயா."

"ஒல்லி விரலாச்சே, பொண்ணே."

மறுநாள் இரண்டாவது சுற்றில் அம்மா தோற்றாள். அதற்கு நிறையப் பேர் கை தட்டினார்கள்.

அடுத்த மார்ச்சில் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. போட்டி இனி உறுப்பினர்களுக்கு மட்டும். கடிதத்தில் பந்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தேவாலயத்தில் எல்லோரும் பந்தைப் பற்றியே பேசினார்கள்.

"ரெண்டு விரல் விடறவ நாலு விரல் விட்டா கை தேஞ்சா போயிரும்?" என்றாள் பாடகர் குழுவில் ஒருத்தி.

"அது நெசமா அவுட்டா, இல்ல இவளுக்கு அவசரமா?" என்றாள் இன்னொருத்தி.

வேலியோரம் நின்ற ஐவரையும் கேட்டார்கள். நால்வர், "தூரம், தெரியல," என்றார்கள். ஒசெல்லா, "நான் பாக்கல," என்றார். அதன் பிறகு அவர் அம்மாவுடன் ஜோடி சேர்ந்து ஆடவில்லை. இரண்டு ஆண்டுகளில் நர்ஸ் படிப்புக்குப் போய்விட்டார். மட்டையைத் தொடவில்லை. அம்மா 1962 வரை எங்கள் சங்கப் போட்டிகளில் ஆடினாள். அந்தப் பந்தைப் பற்றி யார் கேட்டாலும் நான்கு விரலைக் காட்டுவாள். வேறு விளக்கம் சொன்னதில்லை. பாதிப் பேர் நம்பவில்லை. சின்ன வயதில் நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை அடக்கம். அதன் பின் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. எழுபத்து மூன்று வயது ஒசெல்லா கைத்தடியுடன் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"உங்கம்மா மேல எனக்கு இன்னும் கோவம்தான். கோவம் தீந்துபோயி வந்தேன்னு நெனச்சுக்காத."

"பின்ன எதுக்கு வந்தீங்க, சித்தி?"

"கோழிக்கு."

தட்டில் பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும் வைத்துக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டதும் தலை நிமிராமல் சொன்னார்:

"அது அவுட்டுதான்."

"அம்மாவும் அதத்தான் சொன்னாங்க."

"அக்கா சொன்னது வேற. நான் பாத்தேன். வேலியோரத்துல, கோட்டுக்கு நேரா நின்னுக்கிட்டிருந்தேன். நல்லா வெளிய விழுந்துச்சு."

"பாக்கலன்னு சொன்னீங்களே?"

"பதினேழு வயசு எனக்கு. அக்கா அத உள்ளன்னு சொல்லிட்டு இன்னொரு புள்ளி ஆடியிருந்தா, அடுத்த வருஷம் நான் அந்தப் புல்லுல நின்னிருப்பேன். நான் எதுக்கு அக்காவுக்குச் சாட்சி சொல்லணும்?"

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அவுட்டுன்னு சொல்லிட்டு நேரா என்னத்தான் பாத்தா. நான் பாத்ததப் பாத்துட்டா. அப்புறம் அம்பத்தாறு வருஷம். யாருகிட்டயும் என் பேரச் சொல்லல. என்கிட்டயும் ஒரு வார்த்த கேக்கல."

அவருடைய தட்டு காலியாகியிருந்தது.

"கால் துண்டு இருக்கா?"

"இறக்கைதான் இருக்கு, சித்தி."

"அதையே வை."

வைத்தேன். ஒசெல்லா அழுதார். சாப்பிடுவதை நிறுத்தவில்லை.