மென்மையாக்குகிறவர்

'வேண்டும்' என்ற சொல்லைக் கண்டால் கமா சாருக்குக் கை அரிக்கும். சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி, அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் பொடி எழுத்தில் 'விரும்பத்தக்கது' என்று எழுதுவார். தாளைத் தள்ளி வைத்துப் பார்ப்பார். அதுவும் முரட்டுத்தனமாகத் தெரிந்தால் 'விரும்பத்தக்கதாகக் கருதப்படலாம்'. அப்போதுதான் முகத்தில் ஒரு குளிர்ச்சி வரும்.

இணையத்துக்கான பொது விதிகளைப் பல நாடுகள் சேர்ந்து வரையும் குழுவில் அவர் பதினோரு வருடமாக அரசுப் பிரதிநிதி. ஒரு காற்புள்ளியை எங்கே வைப்பது என்று இரண்டு நாள் வாதாடி, கடைசியில் அதை எடுத்தே விட்டதால் கிடைத்த பெயர் கமா சார். அலுவலகத்தில் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். முப்பத்துநான்கு கூட்டங்களின் அடையாள அட்டைகளும் படுக்கையறைக் கதவின் பின்னால் ஒரே ஆணியில் தொங்குகின்றன. கதவைச் சாத்தினால் சடசடவென்று சத்தம்.

"டீ வேணுமான்னு கேட்டா, 'கொள்கையளவில் ஆட்சேபம் இல்லை'ங்கறாரு. வேணுமா வேண்டாமான்னு நான்தான் முடிவு பண்ணிக்கணும்" என்பார் மனைவி.

கமா சாரின் தங்கை துணிப்பை தைத்து விற்கிறவள். அவளும் இரண்டு தையல்காரப் பெண்களும், இணையத்தில் ஒரு விற்பனைப் பக்கமும், அவ்வளவுதான் கடை. ஐந்து வருடம் ஒழுங்காக ஓடிய பக்கத்தை, அதற்கு இடம் தந்த வெளிநாட்டுக் கம்பெனி ஒரு காலையில் பூட்டிவிட்டது. 'எங்கள் நெறிகளை மீறியுள்ளீர்கள்' என்று ஒரே ஒரு வரி. எந்த நெறி, எப்படி மீறினாள் என்பதற்குப் பதில் இல்லை. இருபத்துமூன்று முறை முறையிட்டாள். இருபத்துமூன்று முறையும் இயந்திரம் அதே வரியைத் திருப்பி அனுப்பியது. தையல் மெஷின்கள் பத்து நாளாகச் சும்மா கிடந்தன.

பதினோராம் நாள் அண்ணனின் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"எனக்கு ஒரே ஒரு ஆளோட நம்பர் போதும் அண்ணா. மனுஷனா இருந்தாப் போதும்."

"நீ கேக்கறது ரொம்ப நுட்பமான விஷயம்மா. அந்தக் கம்பெனி எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுங்கறதுலயே இன்னும் ஒத்த கருத்து வரலை."

"பூட்டு என் கடையிலதான அண்ணா தொங்குது?"

கமா சார் புன்னகைத்தார். அலமாரியிலிருந்து குழுவின் வழவழப்பான அறிக்கையை எடுத்து, பதினான்காவது பிரிவைப் பிரித்துக் காட்டினார். 'புகார்தாரர் தகுந்த வழிமுறைகளின் வாயிலாக அணுகுவது ஊக்குவிக்கப்படலாம்.'

"முதல்ல இங்க, ஏழு நாளுக்குள்ள ஒரு மனிதர் பதில் சொல்ல வேண்டும்னு இருந்துச்சு. நாலு நாடு எழுந்து போற மாதிரி ஆயிடுச்சு. நான்தான் இந்த வாக்கியத்தைக் குடுத்தேன். சபையே கை தட்டுச்சு."

தங்கை அந்த வரியை விரலால் தடவிக்கொண்டே இரண்டு தடவை படித்தாள்.

"அந்த ஏழு நாளை நீதான் எடுத்தியா?"

"எடுக்கலம்மா. மென்மையாக்கினேன்."

அவள் கத்தவில்லை. அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது. அறிக்கையை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்: "அடுத்த வாரம் கூட்டத்துக்குப் போறியே, அந்தக் கம்பெனிக்காரங்க வருவாங்களா?"

"வராம? மதியச் சாப்பாடே அவங்க செலவுதான்."

"அப்ப ஒரு வார்த்தை சொல்லு. நான் யாரையும் ஏமாத்தலைன்னு மட்டும் சொல்லு."

"சொல்றேன்" என்றார். 'லாம்', 'கூடும்' எதுவும் ஒட்டாத சொல் அவர் வாயிலிருந்து வந்து எத்தனையோ வருடமாகியிருக்கும்.

கூட்டத்தின் இரண்டாம் நாள், தேநீர் இடைவேளையில் அந்தக் கம்பெனியின் மேலதிகாரி தனியாக நின்றிருந்தார். தங்கையின் முகம் கமா சாரின் கண்முன் வந்தது. கோப்பையை வைத்துவிட்டு நான்கு எட்டில் அவரிடம் போய் நின்றார், வாயையும் திறந்துவிட்டார்.

அதிகாரி முந்திக்கொண்டார். "பதினாலாவது பிரிவு எழுதினது நீங்கதானே? அது எங்களுக்கு எவ்வளவு உதவியா இருக்கு தெரியுமா!"

கமா சாரின் முகம் காதுமடல் வரை சிவந்தது. இவ்வளவு பெரிய மனிதருக்குத் தன்னைத் தெரிந்திருக்கிறது! இந்த நேரத்தில் போய்த் துணிப்பைப் பேச்சா? சொந்த விஷயத்தைப் பொது மேடைக்குக் கொண்டுவருவது முறையல்ல என்று அவருக்குத் தோன்றியது. இப்படித் தோன்றுவதில் அவர் கெட்டிக்காரர். கழுத்துப்பட்டையை நேராக்கிக்கொண்டு, "உங்களோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். அதிகாரி தோளில் கை போட்டார். படம் நன்றாக வந்திருந்தது. அந்த இடத்திலேயே தங்கைக்கு அனுப்பிவைத்தார்.

நொடியில் பதில் வந்தது: "சொல்லிட்டியா அண்ணா? என்ன சொன்னாங்க?"

'உரிய தருணத்தில்' என்று எழுதி அழித்தார். 'கவனத்தில் கொள்ளப்படலாம்' என்று எழுதி, அதையும் அழித்தார். உள்ளே கூட்டம் தொடங்கும் மணி அடித்தது. சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக நின்ற பெட்டியைத் திறந்து, உயர்ந்து நிற்கும் ஒரு மஞ்சள் கட்டைவிரலைத் தேடி எடுத்து அழுத்தினார்.