வாயில் ஆணி

"சோபா எப்ப ரெடியாகும்?" என்று யாராவது கேட்டால், சோபாக்காரர் டப்பாவிலிருந்து ஒரு பிடி சின்ன ஆணிகளை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ள, காந்தச் சுத்தியல் கவ்விக்கொள்ளும். துணியோரத்தில் ஒரே அடி. வாய் நிறைய ஆணி வைத்திருப்பவரிடம் பதில் கேட்க யாருக்கும் மனம் வராது.

மற்ற நேரங்களில் அந்த வாய் சும்மா இருந்ததில்லை. பழுதுக்கு வருபவற்றில் பாதி, பூனை பிறாண்டியவை. "பூனை வளருங்க, இல்ல சோபா வாங்குங்க. ரெண்டும் வேணும்னா என்னையும் சேர்த்து வளர்க்கணும்" என்பார். அப்போது அவர் காலடியில், ஃபோம் துண்டுகளுக்கு நடுவே, ஒரு பூனைக்குட்டி தூங்கிக்கொண்டிருக்கும். பெயர் மேனேஜர். "வேலை செய்யாது. ஆனா எல்லாத்தையும் மேற்பார்வை பாக்கும்." புதுத் துணி வந்தால் முதல் துண்டு மேனேஜருக்குத்தான். அதன் நகத்தில் நூல் இழுபட்டால் அந்தத் துணியைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

மனைவியைப் பொறுத்தவரை அந்தக் குட்டி மீன் சந்தையில் இருந்தது. பூனை ரோமம் பட்டாலே அவளுக்கு மூச்சு இழுக்கும். "அங்கேயே விட்டுட்டேன், சத்தியமா" என்றவர், விட்டது பட்டறையில். வீட்டுப் படியேறும் முன் தெருவில் நின்று சட்டையை உதறுவார்.

ரகசியம் தெரிந்த ஒரே ஆள், பட்டறையில் உறை தைக்கும் மருமகள். மேனேஜருக்குப் பால் ஊற்றுவதும் அவள்தான். விளையாட்டில் அவள் கையைத்தான் அது கீறியது. "நகம்தானேம்மா, ரெண்டு நாள்ல காஞ்சிடும்" என்றார். காய்ந்தது. பிறகு அவள் அக்குளில் ஒரு கட்டி வந்தது, கூடவே காய்ச்சலும்.

மருத்துவர் அம்மாள் வரிசையாகக் கேட்டார். எடை குறைந்ததா? யாருக்காவது காசநோய் உண்டா? வீட்டில் பூனை இருக்கிறதா? மருமகள் வாய் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"எங்க வீட்ல பூனையே கிடையாது டாக்டர்."

பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். பட்டறை என்ன வீடா, சொன்னதில் என்ன பொய் என்று திரும்பும் வழியெல்லாம் தனக்குத்தானே வாதாடிக்கொண்டார். மருமகள் அவரை ஒருமுறை பார்த்ததோடு சரி. அத்தை முன்னால் மாமாவைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. கட்டியை அறுத்தெடுத்துப் புற்றா என்று சோதிக்க நாள் குறித்தார்கள். வீட்டில் யாரும் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள்.

ஒரு மதியம் தையல் மெஷின் சத்தம் நின்றது. மருமகள் தன் அக்காவுடன் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா பாப்பாவை நீ அப்பப்ப வந்து பாத்துக்கோக்கா. அவ அப்பாவுக்குப் பின்னல் போடத் தெரியாது."

ஃபோம் அறுத்துக்கொண்டிருந்த கத்தியை அப்படியே போட்டுவிட்டு சோபாக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"டாக்டர், பூனை இருக்கு."

"யார்கிட்ட?"

"என் பட்டறைல. எம் மருமகளைக் கீறிச்சு. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதைத்தானே பெரியவரே நான் அன்னைக்குக் கேட்டேன்?"

தெள்ளுப்பூச்சியிடமிருந்து பூனைக்கு ஒரு பாக்டீரியா தொற்றும், குட்டிகளிடம் அது அதிகம், பூனை பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் அதன் நகம் கீறினால் மனிதருக்கு இப்படி அக்குளில் நெறி கட்டும் என்று விளக்கினார். "முதல்ல ரத்தம் பாப்போம். கத்தி அப்புறம்."

ரத்தமும் பூனையைத்தான் காட்டிக்கொடுத்தது. அறுவை நின்றது. மாத்திரையில் காய்ச்சல் விட்டது. கட்டி மெல்லச் சுருங்கியது. எல்லாம் தெரிந்துபோன மனைவி ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு, "மீன் சந்தைக்குப் போறேன். உங்க மேனேஜருக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள். கத்தித் தீர்த்திருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்தது.

மேனேஜர் இன்னும் பட்டறையில்தான். தெள்ளுப்பூச்சிக்கு மருந்து போட்டாயிற்று, குழாயடிக்கு சோப்பு வந்திருக்கிறது. வாடிக்கையாளர்களிடம் பூனைப் பேச்சை நிறுத்திவிட்டார். மருமகளிடம் பேசும்போது அவள் கையிலிருக்கும் துணியைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

நேற்று அவள் தைத்தபடியே கேட்டாள். "மாமா, கோவமா கேக்கல. அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப, என் கட்டியை விடவா அத்தை திட்டு உங்களுக்குப் பெருசா தெரிஞ்சுது?"

அடிக்கவேண்டிய சோபா எதுவும் எதிரில் இல்லை. சோபாக்காரர் டப்பாவைத் திறந்து, ஒரு பிடி ஆணியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.