தக்காளி கருகிய கார்த்திகை

கல்யாணமாகி மூன்றாம் வருஷம், செவிலிமேட்டுக்கு அப்பால் பாலாற்றை ஒட்டியிருந்த எங்கள் நிலத்தில் அரை ஏக்கர் தக்காளி போட்டோம். அதுவரை அங்கே நெல்லும் வேர்க்கடலையும்தான். தக்காளி என் யோசனை. அதனால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று நினைத்தேன். இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

கார்த்திகையில் மழை விட்டு விட்டுப் பெய்தது. நின்ற நேரத்திலும் வெயில் இல்லை. காலை பத்து மணி வரை மூடுபனி, இலையெல்லாம் ஈரம். காய்கள் எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தன. ஒரு நாள் கீழ்வரிசையில் ஐந்தாறு செடிகளின் இலைகளில், வெந்நீர் கொட்டியது போலக் கரும்பச்சைத் திட்டுகள். இலையைத் திருப்பினால் வெள்ளைப் பூசணம். மூன்றாம் நாள் அந்த வரிசை முழுக்கக் கருகித் தொங்கியது. வயலில் இறங்கினாலே அழுகல் வாடை.

ஊர் விவசாயத்துக்கு யோசனை சொல்லும் கிராம சேவக் வந்து பார்த்தார். "இது கருகல் நோய்மா. வந்த செடி பிழைக்காது. பிடுங்கிப் புதைச்சிடுங்க. வராத செடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிங்க" என்றார். நீல நிறச் செம்பு உப்பான மயில்துத்தத்தை மண்பானையில்தான் கரைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, கைத்தெளிப்பான் ஒன்றைக் கொடுத்துப் போனார்.

"காய் புடிச்ச செடியை எவனாவது புடுங்குவானா?" என்றார் என் கணவர். மருந்தை மட்டும் அடித்தார். அன்று சாயங்காலமே அடைமழை, எல்லாம் கழுவிக்கொண்டு போயிற்று. நான் பழுதில்லாத காய்களாகப் பார்த்துப் பறித்து வீட்டில் வைக்கோலில் பரப்பினேன். அவையாவது பழுக்கும் என்று நம்பினேன். இரண்டே நாளில் அவற்றிலும் பழுப்புத் திட்டு ஏறிவிட்டது. ஒரு காயைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

மறுநாள் காலை அவர் மறுபடி மயில்துத்தம் வாங்கக் காஞ்சிபுரத்துக்குச் சைக்கிளில் போனார். அந்த நேரம் பக்கத்து வயல்காரி வரப்பில் வந்து நின்றாள். வருஷக்கணக்காக ஊரார் நிலங்களில் நடவுக்குப் போனவள். கால் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துத் தனக்கென்று வைத்த முதல் பயிர் அது. நாற்று நான் கொடுத்தது.

"எக்கா, காத்து உங்க பக்கத்திலேர்ந்துதான் வந்துக்கினு இருக்குது. என் செடி இன்னும் நல்லா இருக்குது. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

அவள் சண்டைக்கு வந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அழாமல் கேட்டாள். நான் வரப்பை ஒட்டிய வரிசையில் இறங்கிப் பிடுங்க ஆரம்பித்தேன். அவளும் இறங்கினாள்.

கணவர் திரும்பியபோது உச்சிப்பொழுது. பாதி வயல் வெறுமையாகக் கிடந்தது.

"யாரைக் கேட்டுப் புடுங்கின?"

"மிச்சத்தைப் போய்ப் பாருங்க. பாத்துட்டு வந்து திட்டுங்க."

வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு இலையாகத் திருப்பினார். கடைசி வரிசையில் அப்படியே குந்திவிட்டார். வெகுநேரம் கழித்து வந்து, "ஒண்ணுகூட மிச்சமில்ல" என்றார். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்காமல், சாயப்பட்டறையில் கெஞ்சி வாங்கி வந்த பொட்டலம் கையிலேயே இருந்தது.

"இதை அவ செடிக்கு அடிச்சிடலாம்" என்றேன்.

"நம்மளுது மண்ணாப் போச்சு. அடுத்தவ வயலுக்கு நான் மருந்தடிக்கணுமா?" அவர் குரல் உடைந்துவிட்டது. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். பக்கத்து வயல்காரி சேறு படிந்த கைகளோடு தலை குனிந்து நின்றாள்.

அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார், அவள் வயலைப் பார்த்தார். பிறகு அவரே, "சுண்ணாம்பு எங்க?" என்று கேட்டார்.

கலந்ததும் கத்தியை முக்கி எடுத்தார். அலகில் செம்பு நிறம் படிந்தது. இப்படியே அடித்தால் இலை வெந்துவிடும் என்று இன்னும் சுண்ணாம்பு ஊற்றினார். கத்தி நிறம் மாறாமல் வந்த பிறகுதான் தெளிப்பானைத் தோளில் மாட்டினார். இலையின் அடிப்பக்கமும் நனையும்படி ஒரு செடி விடாமல் அடித்தார். நான் எங்கள் மீதி வயலைப் பிடுங்கிக் குழியில் தள்ளினேன். காயோடு விழுந்த செடிகளை மிதித்து அமுக்க வேண்டியிருந்தது. அதுதான் என்னால் முடியவில்லை. அவள் வந்து மிதித்தாள்.

அவள் வயலில் இரண்டு வரிசை போயிற்று. மற்றவை நின்றன. தையில் ஒரு கூடை பழம் கொண்டுவந்து வைத்தாள். குழம்பு வைத்தேன். என் கணவர் அதைத் தொடாமல் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்.

அடுத்த வருஷம் மறுபடி தக்காளி போடலாமா என்று அவர்தான் கேட்டார். வேண்டாம் என்றேன்.